எந்த வேலையை விட்டீர்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதய நோயைக் கண்டுபிடிப்பது

நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் குறைவு. "வாயு பிடிச்சிருக்கு", "நெஞ்சைக் கரிக்குது", "தோள்பட்டை கடுக்குது", "ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது" என்றுதான் வருகிறார்கள். காவிரி டெல்டாவில் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடங்களாக மருத்துவராக இருக்கிறேன். காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் காய்ச்சல், சளி, முட்டிவலி, சுகர் மாத்திரை என்று எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் இதய ரத்தக் குழாயில் அடைப்போடு ஒருவர் நிற்பார், அவருக்கே அது தெரியாது. அவரைக் கண்டுபிடிக்க என்னிடம் இருப்பது ஒரு ஈசிஜி மெஷின், பிபி மெஷின், ஸ்டெதஸ்கோப், சில ரத்தப் பரிசோதனைகள். அப்புறம் கேள்விகள். இத்தனை வருடங்களில் அதிகம் கைகொடுத்தது கேள்விகள்தான்.

கல்லூரியில் படித்தது எளிது. நெஞ்சின் நடுவில் அழுத்தம் அல்லது இறுக்கம், உழைப்பிலோ மன உளைச்சலிலோ வருவது, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் போய்விடுவது. இந்த மூன்றும் இருந்தால் இதய வலிதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் புற நோயாளிகள் பிரிவில் "நடந்தா வலிக்குதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. வலி வரும் வேலையை அவர் எப்போதோ விட்டிருப்பார். வயலுக்கு நடந்து போனவர் மகன் வண்டியில் போவார். ஒரே மூச்சில் கடைத்தெருவுக்குப் போய் வந்தவர் நடுவில் இரண்டு திண்ணையில் உட்கார்ந்து போவார். கேட்டால் "வயசாயிடுச்சு" என்பார். வலி வராதபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்ட பிறகு வலி இருக்கிறதா என்று கேட்டு என்ன பயன்? அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: "போன வருஷம் செஞ்சு, இப்போ விட்டுட்ட வேலை என்ன?"

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா மாதாமாதம் கேஸ் மாத்திரை வாங்க வருவார். சுகரும் உண்டு. ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நூறு நாள் வேலைக்குப் போறேன் டாக்டரம்மா. மண்ணு சொமக்கிறது மட்டும் இல்ல. தண்ணி குடுக்கிற வேலையை வாங்கிக்கிட்டேன்."

"ஏம்மா, மண்ணு ஏன் சொமக்கல?"

"சட்டியத் தூக்கிக்கிட்டுக் கரை ஏறினா தொண்டையை நெரிக்கிற மாதிரி இருக்கும். எறக்கி வச்சுட்டுச் சித்த நேரம் நின்னா சரியாப் போயிடும். வாயுதான்."

அவர் அதைச் சொல்லும்போது கை தொண்டையில் இல்லை. விரித்த உள்ளங்கை நெஞ்சின் நடுவில் இருந்தது. நெஞ்சு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. ஈசிஜி எடுத்தோம், முழுக்க நார்மல். அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு இன்னொரு மாதத்துக்குக் கேஸ் மாத்திரைதான் கிடைத்திருக்கும். மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியதில் டிரெட்மில்லில் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஈசிஜியில் மாற்றம் தெரிந்தது. இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் நடந்தது.

ஈசிஜி பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வில் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, உழைத்தால் மட்டும் வலி வரும் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நார்மலாகவே இருக்கும். ஓய்வில் இதயத்துக்குப் போதுமான ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, தாளில் மாற்றம் எங்கிருந்து வரும்? "ஈசிஜி எடுத்தோம், ஒண்ணுமில்ல" என்ற வாக்கியம்தான் கிராமத்தில் பலரை ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஈசிஜி மாறியிருந்தால் அது பெரிய செய்தி. மாறாமல் இருந்தால், நோயாளி சொன்ன கதை அதைவிடப் பெரிய செய்தி.

கதையில் நான் கவனிப்பது இவை. வலி விநாடிகளில் குத்திவிட்டுப் போனாலோ, காலை முதல் இரவுவரை ஓயாமல் இருந்தாலோ, ஒற்றை விரலால் ஒரு புள்ளியைக் காட்டினாலோ, அழுத்தினால் அதே வலி வந்தாலோ இதயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. குறைவுதான், இல்லை என்று ஆகாது. தாடை, தொண்டை, இடது கை, இரு தோள்களுக்கு நடுவில், மேல் வயிறு என்று எங்கே இருந்தாலும், அது உழைப்போடு வந்து ஓய்வோடு போனால் சந்தேகப்பட வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது வருவதும் இதில் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு வருவதால் எல்லோரும் வாயு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் ஆகிய மூன்று தரப்பிலும் வலியே இல்லாமல் நோய் வரலாம். மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, திடீர்ச் சோர்வு, குமட்டல். பத்து வருடமாகச் சுகர் உள்ள ஒருவர் "நேத்து ராத்திரி உடம்பு பூரா வேர்த்துக் கொட்டுச்சு, வாந்தியும் எடுத்தேன்" என்றால், சர்க்கரை இறங்கியதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் ஈசிஜியும் எடுத்துவிடுகிறோம்.

வயதை வைத்து யாரையும் தள்ளிவிடவும் கூடாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயதின் இடைநிலை (மீடியன்) 53 என்றும், மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரியவந்தது. எங்கள் ஊர் லாரி ஓட்டுநர்களில் நாற்பதைத் தொடாதவருக்கும் பார்த்திருக்கிறேன். பீடி, தூக்கமின்மை, அளந்தே பார்க்காத பிபி, எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ரத்தசோகை. நம் ஊர்ப் பெண்களில் ஹீமோகுளோபின் 7, 8 என்று நடமாடுகிறவர்கள் ஏராளம். இதயக் குழாயில் கொஞ்சம் அடைப்பு இருந்து, ஹீமோகுளோபினும் குறைந்தால் வலி முன்கூட்டியே வரும், அடிக்கடி வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படித்தான். அதோடு ஸ்டெதஸ்கோப்பை ஒரு நிமிடம் நெஞ்சில் வைத்துக் கேளுங்கள். பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தாலும் உழைப்பில் இதே வலி வரும், அதன் முணுமுணுப்பு காதில் விழும்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. யாரை இன்றே அனுப்புவது, யாரை இரண்டு வாரத்தில் அனுப்புவது? பல மாதங்களாக அதே அளவு உழைப்பில், அதே அளவு வலி வருகிறவருக்கு மாத்திரையைத் தொடங்கி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் பரிசோதனைக்குத் தேதி வாங்கி அனுப்பலாம். சில வாரங்களுக்குள் புதிதாகத் தொடங்கிய வலி, நாளுக்கு நாள் கூடுகிற வலி, முன்பு அரை கிலோமீட்டரில் வந்தது இப்போது கொல்லைப்பக்கம் போனாலே வருகிறது என்ற மாற்றம், ஓய்வில் வரும் வலி என்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். "நாளைக்குப் புள்ள வந்ததும் போறேன்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள்.

வலியோடு வந்து நிற்கிறவர் விஷயம் தனி. வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். சீட்டு போடும் வரிசை, பிபி பார்க்கும் வரிசை எதிலும் அவர் நிற்கக் கூடாது. எங்கள் நிலையத்தில் சீட்டு போடும் இடத்தில் இருப்பவருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும்கூட இதைச் சொல்லி வைத்திருக்கிறோம்: நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ வியர்த்துப் போயோ யார் வந்தாலும் நேராக ஈசிஜி அறைக்குக் கூட்டிவாருங்கள். எல்லாச் செவிலியர்களும் ஈசிஜி எடுக்கப் பழகியிருக்கிறார்கள், ஏனென்றால் மாரடைப்பு பெரும்பாலும் டெக்னீஷியன் வீட்டுக்குப் போன பிறகுதான் வருகிறது. முதல் ஈசிஜி தெளிவாக இல்லை, வலி தொடர்கிறது என்றால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். இதயத்தின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பு தெரிந்தால் வலது பக்க ஈசிஜியும் எடுப்போம். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், வலி குறைய நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை பிபியை மோசமாக இறக்கிவிடும்.

இதயத் தசை பாதிக்கப்பட்டதை ரத்தத்தில் காட்டும் டிரோபோனின் அட்டைப் பரிசோதனை கையில் இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அது நெகடிவ் காட்டலாம். ஈசிஜியில் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி என்ற பகுதி உயர்ந்திருந்தால் அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் எங்களைப் போன்ற நிலையங்களுக்குப் பெரிய பலம். மாரடைப்பு என்று தெரிந்ததும் கொடுக்க வேண்டிய முதல் தவணை மாத்திரைகள் தயாராக இருக்கும்: ரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் 8. மொத்தம் 14. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்கிறோம், வேகமாக வேலை செய்யும். கொடுக்கும் முன் மலம் கறுப்பாகப் போகிறதா, சமீபத்தில் ரத்தக்கசிவு உண்டா என்று கேட்போம். முதுகைக் கிழிப்பது போல் வலி, இரண்டு கையிலும் பிபி வெவ்வேறாக இருப்பது என்றால் பெருந்தமனிக் கிழிசலாக இருக்கலாம், அப்போது இந்த மாத்திரைகளே ஆபத்து. இதனால்தான், வீட்டில் இந்தப் பதினான்கையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன்.

மாத்திரை கொடுக்கும்போதே ஒருவர் 108-ஐ அழைப்பார், இன்னொருவர் ஈசிஜியைப் போனில் படம் எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். பரிந்துரைச் சீட்டில் நான் பெரிதாக எழுதுவது ஒன்றே ஒன்று: வலி தொடங்கிய நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அதற்கு முழுப் பலன். இரண்டு மணி நேரத்துக்குள், அடைப்பைப் பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யுமிடத்தில் சேர முடியாது என்றால் ஊசி போட்டுவிட்டு அங்கே அனுப்புவதே சரி. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லாமல், யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், யார் எங்கே போக வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தியதால் வந்த பலன் இது.

நிஜமான வேலை ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. "அடைப்பை எடுத்தாச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று நம்பித்தான் வருகிறார்கள். எங்கள் ஊரில் விவசாயிகளிடம் நான் இப்படிக் கேட்பேன்: "வாய்க்கால்ல ஒரு எடத்துல தூர் வாரினா கடைமடை வரைக்கும் தூர் வாரின மாதிரி ஆயிடுமா?" உடனே புரிந்துகொள்வார்கள். மாரடைப்பின்போது வைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நிலையாக இருக்கும் உழைப்பு வலிக்கு வைக்கும் ஸ்டென்ட், நல்ல மாத்திரை சிகிச்சையைவிட உயிரிழப்பைக் குறைப்பதாக 2007-இல் வந்த கரேஜ் ஆய்வும் சரி, 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வும் சரி காட்டவில்லை. வலி குறையும், அது பெரிய விஷயம்தான். ஆயுளைக் கூட்டுவது மாத்திரையும் பீடியை விடுவதும்தான்.

அதனால் மாதம் ஒருமுறை வரும்போது மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்கிறேன். ஒரு ஐயாவின் மஞ்சள் பையில் இருந்து விழுந்ததைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனை எழுதிக்கொடுத்த மூன்று மருந்துக் கூட்டுக் கேப்ஸ்யூல், எங்கள் நிலையத்தில் கொடுத்த தனித்தனி ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும், பாதி வெட்டிய அட்டை ஒன்று. வெட்டியதில் பெயரும் போய்விட்டது, தேதியும் போய்விட்டது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மட்டும் பையில் இல்லை. "அது அசதியா இருக்குன்னு நிறுத்திட்டேன்மா" என்றார். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பலாம், மாரடைப்புகூட வரலாம். அளவைக் குறைத்துக் கொடுத்தோம், அசதி போயிற்று, தொடர்கிறார்.

ஸ்டென்ட் வைத்தவர் முதல் ஒரு வருடம் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்று ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. அடோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம், வாழ்நாள் முழுக்க. கொழுப்பு நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள், மாத்திரையால்தான் நார்மல் ஆனது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70-க்குக் கீழே, பிபி 130/80-க்குக் கீழே என்று வைத்துக்கொண்டு பார்க்கிறோம். மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒருமுறை கொழுப்பு பார்த்துவிட்டால் அளவு போதுமா என்று தெரிந்துவிடும். பிபி, சுகர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். மாத்திரை குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று அவர்தான் முதலில் பார்க்கிறார், எனக்குச் சொல்கிறார்.

வலி வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் ஐசோசார்பைடு 5 மில்லிகிராம் பற்றி நான் ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்கிறேன்: உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். 5 நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் இன்னொன்று வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தொடவே கூடாது. அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். மனைவியோடு சேர்வது பற்றியும் அப்படித்தான், மாரடைப்பு வந்தவர் பயத்திலேயே இருப்பார். இரண்டு மாடி ஏறும் அளவு உழைப்பை வலியில்லாமல் செய்ய முடிந்தால் பயம் வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

பீடியை விட்டால் இதய நோயாளியின் உயிரிழப்பு ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை என் அலமாரியில் இல்லை. உப்பு, ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கேட்டுவிட்டால் பாதிக் கணக்கு தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, நோயே இல்லாதவர்கள் ஆஸ்பிரின் கேட்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்திருக்கும், தெருவே ஆஸ்பிரின் சாப்பிட ஆரம்பிக்கும். இதய நோய் வராதவர்களுக்குத் தினமும் ஆஸ்பிரின் கொடுப்பதில் வரும் பலனை ரத்தக்கசிவு தின்றுவிடுகிறது என்று 2018-இல் வந்த பெரிய ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. வேண்டாம்.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் வருவார்கள். "ஸ்டென்ட் வச்சிருக்கேன், மலைக்குப் போகலாமா?" நம்பிக்கை சம்பந்தப்பட்ட கேள்வி, பட்டென்று மறுத்தால் சொல்லாமல் போய்விடுவார்கள். பம்பையிலிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றம் கடினமானது. மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவர், இப்போதும் வலி வருகிறவர் இந்த வருடம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நிலையாக இருப்பவரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே தினமும் நடந்து பழகச் சொல்கிறேன், மாத்திரையை விரதத்துக்காக விடாதீர்கள் என்கிறேன், வழியில் இதய அவசர சிகிச்சை மையங்கள் இருக்கும் இடங்களைச் சொல்லி அனுப்புகிறேன். ரம்ஜான் நோன்புக்கும் இதேபோல் முன்கூட்டியே வந்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு.

ஊரில் பெற்றோரை விட்டுவிட்டுத் திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி அம்மா போன் செய்து "வாயு அடைக்குதுப்பா, ஓமத்தண்ணி குடிச்சேன்" என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். வேர்க்குதா? மூச்சு வாங்குதா? கையோ தாடையோ கடுக்குதா? எத்தனை நேரமாக இருக்கு? 15 நிமிடத்தைத் தாண்டியிருந்தாலோ, வியர்வை இருந்தாலோ காலைவரை பொறுக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எங்கிருந்தும் நீங்களே 108-ஐ அழைத்து ஊர்ப் பெயர் சொல்லலாம். வேறு மாநிலத்தில் இருந்தால் அழைப்பு அங்கே உள்ள 108-க்குப் போய்விடும், அதனால் பக்கத்து வீட்டு எண்ணையும், ஊரில் கார் வைத்திருப்பவர் எண்ணையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் மாத்திரைப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். அப்படியே, போன வருடம் செய்துவிட்டு இந்த வருடம் எந்த வேலையை விட்டார் என்றும் கேளுங்கள்.